எங்கூட்டுக்காரி காருக்கு எண்ணெய் மாத்தினது

கேட்டீங்களா தம்பி, இந்த டிரைவர் கியர் போடற லட்சணத்த? கறக்குமுறக்குன்னு. பல்லுக் கூசுது எனக்கு. சீ. இவனுக்கெல்லாம் யாரு லைசென்சு குடுத்தாங்களோ. சித்தெ நகந்து உக்காருங்க. அந்தப் பைய மடியில வச்சுக்குங்க, கீழ வெக்காதீங்க, எவனோ வெத்தலையத் துப்பி வச்சிருக்கறான். தூ. மனுசன் ஏறுற வண்டியா இது.

எனக்கு பஸ்ஸு பழக்கமில்லீங்க. கார்லயே போயி வந்த ஒடம்பு. எங்கூட்டுலயும் காரு இருந்துது. ஆட்டோமேட்டிக்கு. கிளட்ச்சே கெடையாது, கியர் அதுவா மாறிக்கும். பழைய வண்டிதான், ஆனா நல்லா ஓடிட்டிருந்துது. இப்பவும் வாசல்லதான் நிக்குது. பக்கத்து ஊட்டுக் கோழி அதுக்கு அடியில போயி முட்ட வெக்குது. அந்த நெலமைக்குக் கொண்டு வந்து உட்டுட்டான் ஒரு மெக்கானிக்கு. அந்தக் கருமத்தத்தான் நெனச்சுட்டே வந்தேன்.

யாரு ஓட்டினதுன்னா கேக்கறீங்க? நானில்லீங்க. எங்கூட்டுக்காரி. கோகிலாமணின்னு பேரு. நான் வண்டி ஓட்டக் கத்துக்கல, நம்மளுக்கு எதுக்குங்க அந்த வேல? மில்லுல சூப்பர்வைசரா இருந்தவன், எங்க போனாலும் ஜீப்பு வந்துரும். அவளுக்கு எடது காலு சூம்பினது. சின்னப் புள்ளையில இளம்பிள்ளை வாதம். கிளட்ச்சு மிதிக்க ஆகாது. அதனால அவிங்க அண்ணன் மெட்ராஸ்ல தான் ஓட்டிட்டிருந்த ஆட்டோமேட்டிக் கார இவளுக்குன்னு கொண்டாந்து குடுத்துட்டான். சாவிய நேரா அவ கையில குடுக்கறான் பாருங்க. நான் ஒருத்தன் பக்கத்துலயே நிக்கறேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கோணும்னு தோணல. அவிங்க குடும்பமே அப்படித்தான்.

டீச்சருங்க அவ. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துல இருந்த வரைக்கும் தொல்லையில்ல. ஹெட்மாஸ்டரு பிரமோசன் குடுத்து, இந்தப் பழனி ரோட்டுல கருக்கம்பாளையம்னு ஒரு ஊரு, அங்க போட்டுட்டாங்க. வேண்டாம்னு எழுதிக் குடுத்துரு புள்ளன்னேன். அந்தக் கால வச்சுட்டு தெனமும் அத்தன தூரம் போவியான்னேன். "காரு இருக்குதில்லீங் மாமா"ன்னா. அவ்வளவுதான் பதிலு.

சரின்னு தனியா உட்டுற முடியுங்களா? நானும் கூட ஏறிக்குவேன். தெனமும். ரிட்டயரான மனுசன், ஊட்டுல என்ன வேல? பக்கத்துல உக்காந்து நாந்தான் ரோட்டப் பாத்துச் சொல்லுவேன். லாரி வருது பாரு, ஆரன் அடி, பிரேக்கு புடி, எதுக்கு இத்தன வேகம், எதுக்கு இத்தன மெதுவு, ஒரு மனுசன் சொல்றது காதுல உளுகுதா இல்லையா. ஊட்டு வாசல்ல ஆரம்பிச்சா பள்ளிக்கூட கேட்டு வரைக்கும் சொல்லிட்டே வருவேன். தொண்ட வறண்டு போகும். நான் சொல்லலீன்னா அவ ஒரு நாளும் போயிச் சேந்திருக்க மாட்டா. அவளும் எதுத்து ஒரு வார்த்த பேச மாட்டா. ரெண்டு கையிலயும் ஸ்டியரிங்க இறுக்கிப் புடிச்சுட்டு, நேராப் பாத்துட்டே வருவா. அத்தன அடக்கம்.

அப்புறம் சாயங்காலம் வரைக்கும் பள்ளிக்கூடத்து மரத்தடியில சேரப் போட்டு உக்காந்திருப்பேன். அங்கிருக்கற வாத்தியாருங்க, "உங்களுக்கு எதுக்குங் சார் செரமம், ஊட்டுல ரெஸ்ட் எடுக்கலாமில்ல"ம்பாங்க. மத்தவங்களுக்காகப் பாக்கறதுல செரமம் பாத்தா ஆகுங்களா? நீங்களே சொல்லுங்க.

இப்படி ஓடிட்டிருக்கையில, ஒரு நாள் காலையில ஓடப்பாலத்து மேட்டுல ஏறுது வண்டி. திடீர்னு இஞ்சின் ஊன்னு கத்துது. வண்டி நகர மாட்டீங்குது. மிதிக்க மிதிக்க சத்தம்தான் ஏறுது. கியரு வழுக்குதுங்கறாங்க அத. உள்ளாற புடிமானமில்லாம சும்மா சுத்துதாமா. பின்னால ஒரு ஸ்கூல் பஸ்ஸு வந்து நின்னுட்டு ஆரன் மேல ஆரன். ஜன்னல் பூராவும் புள்ளைங்க தல. "டீச்சர் காரு நின்னு போச்சு டோய்"னு ஒண்ணு கத்துது. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சுங்க. எறங்கி எங்காவது போயிரலாம்னு இருந்துது. "உனக்கெதுக்கு இதெல்லாம்? உன்ற காலு மாதிரியே வண்டியும்"னு திட்டிப்போட்டேன். கோவத்துல வாயில வர்றதுதானுங்களே. அவ கியர நியூட்ரலுக்குத் தள்ளி, சித்தெ நேரம் இருந்து, மறுபடியும் போட்டு, நத்த மாதிரி மேட்ட ஏத்திட்டா.

அன்னைக்கு ராத்திரியே சொன்னேன். வண்டியக் காயலாங்கடையில தள்ளிரு, வேலைய எழுதிக் குடுத்துட்டு ஊட்டுல இரு, இத்தன நாளு சம்பாதிச்சது போதும். அவ போன நோண்டிட்டிருக்கறா. இந்தக் கியர் வழுக்கறதுக்கு என்ன பண்றதுன்னு வீடியோ பாக்கறாளாமா. ஹெட்மாஸ்டரம்மா. எவனோ ஒருத்தன் கை பூராவும் எண்ணெயோட வெளக்கிட்டிருக்கறான், இவ வாயத் தொறந்து பாத்துட்டிருக்கறா. சாப்பாடு ஆறிப் போச்சு எனக்கு.

ஞாயித்துக்கெழம மெக்கானிக்க வரச் சொல்லிட்டா. மரியசூசைன்னு ஒருத்தன். வந்தவன் எங்கிட்ட வணக்கம் கூடச் சொல்லல, நேரா பானெட்டத் தொறந்து, ஒரு கம்பிய உருவி, அதுல ஒட்டியிருந்த எண்ணெய வெரல்ல தேச்சு, மோந்து பாக்கறான். மோந்துட்டு அவகிட்ட நீட்டறான். அவளும் மோந்து பாக்கறா! எனக்குக் கொமட்டிட்டு வந்துருச்சு. செகப்பா இருக்க வேண்டிய எண்ணெயாமா. கன்னங்கரேல்னு இருந்துது, தீஞ்ச வாட வேற.

"டீச்சரம்மா, இது வண்டி வாங்கினதுல இருந்து மாத்தாத எண்ணெய். மாத்தினா புடிமானம் வரலாம். ஆனா ஒண்ணு சொல்லிர்றேன், பழைய வண்டி, மாத்தினதுக்கப்புறம் சுத்தமா நின்னும் போயிரலாம். ரெண்டுக்கும் வாய்ப்பு இருக்கு. அப்புறம் என்னைக் கொறை சொல்லக் கூடாது"ன்னான்.

நான் வேண்டாம்னேன். அவ, "மாத்துங்க சூசை"ன்னா. நான் சொன்னது அந்தரத்துல நிக்குது.

அப்புறம் நடந்த அசிங்கத்தக் கேளுங்க. எத்தன எண்ணெய் எறங்குதோ அத்தனையே அளந்து திருப்பி ஊத்தோணுமாமா. கூடயும் கூடாது கொறையவும் கூடாது. அதுக்கு ஏனம் வேணும்னான். இவ உள்ள போயி இட்லி மாவு கரைக்கற குண்டாவ எடுத்துட்டு வந்து குடுத்தா. இட்லி மாவுக் குண்டா தம்பி! அதுல அந்தக் கருப்பு எறங்குது. அடியில இருந்த தட்டக் கழட்டினா, உள்ள ரெண்டு காந்தம், அது மேல பூரா சேறு மாதிரி இரும்புத் தூளு. "இது தேய்மானம்தானே சூசை? பெரிய துண்டு ஏதுமில்லையே?"ங்கறா இவ. "இல்லீங் டீச்சரம்மா, தூளுதான். நல்ல சகுனம்"கறான் அவன். ரெண்டு பேரும் தல முட்டற மாதிரி குனிஞ்சு பாத்துட்டு நிக்கறாங்க. கட்டின சேலையில எண்ணெய். மூஞ்சியில எண்ணெய். சிரிக்கறா. என்னத்தக் கண்டு சிரிக்கறான்னே எனக்குத் தெரியல. அந்தக் குண்டாவுல அதுக்கப்புறம் நான் இட்லி திங்கல. புதுக் குண்டா வாங்கியாச்சுன்னு அவ சொன்னா, அப்பவும் மனசு வர மாட்டீங்குது.

புது எண்ணெய ஊத்தினாங்க. இஞ்சினப் போட்டு, கியர் கம்பிய மேலயும் கீழயும் ஒவ்வொரு பள்ளமா நிறுத்தி நிறுத்தித் தள்ளினான். எண்ணெய் எல்லாப் பக்கமும் போகோணுமாமா. அப்புறம் சூடான வண்டியில அந்த எண்ணெய்க் கம்பிய உட்டு அளவு பாத்தான். சூடா இருக்கறப்பதான் அளவு சரியாத் தெரியும்னான். நானும் பக்கத்துல நின்னு எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் இருந்தேன். ஒரு தடவ பாத்தா போதும் எனக்கு.

வண்டி சரியாயிருச்சுங்க. பொய் சொல்லக் கூடாது. ஓடப்பாலத்து மேட்டுல வெண்ணெய் மாதிரி ஏறுச்சு. ஆனா ஒரு தடவையில பாதி எண்ணெய்தான் எறங்குமாமா, மிச்சம் உள்ளாறயே நின்னுக்குமாமா. கொஞ்ச நாளு ஓட்டிட்டு இன்னொருக்கா இதே மாதிரி மாத்தினா முழுசாச் சரியாயிரும்னு சொல்லிட்டுப் போனான் சூசை.

அங்கதான் வந்துது வென.

அடுத்த ஞாயித்துக்கெழம நான் குளிச்சுட்டு வர்றேன், வாசல்ல காரக் காணோம். அவளையும் காணோம். மத்தியானம் வந்து எறங்கறா. கையில வேக வச்ச மக்காச்சோளம். எங்க போனேன்னு கேட்டா, அமராவதி டேமு வரைக்கும் போனாளாமா. தனியா! எதுக்குன்னா, "சும்மாதான், மேட்டுல இழுக்குதான்னு பாத்தேன்"கறா. பாட்டு வேற முணுமுணுக்கறா. கல்யாணமாகி இத்தன வருசத்துல அவ பாட்டு முணுமுணுத்து நான் கேட்டதில்லீங்க. அருவருப்பா இருந்துது. வயசென்ன, வேலையென்ன. ஒரு சோளத்த எங்கிட்ட நீட்டினா. வேண்டாம்னுட்டேன். எவன் கை பட்டதோ.

அப்புறம் ஹெட்மாஸ்டருங்களுக்கெல்லாம் திருப்பூர்ல டிரெயினிங்னு போனா. அங்கயே தங்கற மாதிரி. போறப்ப, "ரெண்டாவது எண்ணெய நான் வந்ததுக்கப்புறம் மாத்திக்கலாம் மாமா. டின்னு அலமாரியில இருக்குது. நீங்க கை வெக்க வேண்டாம்"னா. நான் எதுக்குக் கை வெக்கப் போறேன்? ஆனா யோசிச்சுப் பாத்தேன். அவ வந்தா மறுபடியும் குண்டா, மறுபடியும் சேலையில எண்ணெய், மறுபடியும் அவனும் இவளும் தல முட்டிட்டு நிக்கற கருமம். அவ வர்றதுக்குள்ள முடிச்சு வச்சுட்டா அவளுக்கும் ஒரு சந்தோசம், நமக்கும் ஒரு நிம்மதி. நல்லதுக்குத்தானுங்களே பண்ணேன்?

திங்கக்கெழம காலையில சூசைய வரச் சொன்னேன். வெடியக்காலமே வாடான்னா, அவன் ஆடி அசஞ்சு ஏழு மணிக்கு மேல வர்றான். வந்து அடியில படுத்து, எண்ணெய எறக்கி, தட்டக் கழட்டித் தொடச்சு, திருப்பி மாட்டி, டின்னக் கையில எடுக்கறான். காலண்டரப் பாக்கறேன், ஏழரை தாண்டிருச்சு. திங்கக்கெழம ஏழரையில இருந்து ஒம்பது ராகு காலம்.

நிறுத்துடான்னேன்.

"ஐயா, வேலைய ஆரம்பிச்சாச்சுங்களே, ஆரம்பிக்கறதுக்குத்தானே ராகு காலம் பாப்பாங்க"ங்கறான். எனக்கே சொல்லிக் குடுக்கறான். எறக்கினது பழசு, அது போறது. போறதுக்கு எந்த நேரமா இருந்தா என்ன? ஊத்தறது புதுசு, அது வர்றது. வர்றத ராகு காலத்துல வர உடலாமா? வெவரம் தெரிஞ்சவங்க யாரு வேணா சொல்லுவாங்க இத. அவன் தலையச் சொறிஞ்சான். "அப்ப நான் ஒரு டீயக் குடிச்சுட்டு, பக்கத்துல ஒரு வண்டிக்குப் பேட்டரி போட்டுட்டு ஒம்பதுக்கு வந்தர்றேன். வண்டியத் தொட்டறாதீங்க"ன்னுட்டுப் போயிட்டான். எதுக்குத் தொடக் கூடாதுன்னு வெவரமாச் சொல்லோணுமில்ல? சொல்லல. அவன் மேல தப்பு அங்க இருக்குது.

நான் சேரப் போட்டு உக்காந்திருந்தேன். ஒம்பதுக்கு இவன் வந்து, ஊத்தி, வண்டிய சூடு பண்ணி, அளவு பாத்து, எப்ப முடியறது? சூடா இருந்தாத்தானே அளவு தெரியும்னு அவன் வாயாலயே சொன்னான். சரி, நாம அந்த வேலையாவது முடிச்சு வெப்போம்னு சாவியப் போட்டுத் திருகினேன். ஓட்டத்தான் தெரியாது, ஸ்டார்ட்டு பண்றதுக்கு என்ன? நல்லாத்தான் ஓடுச்சு. சூடு சீக்கிரம் ஏறட்டும்னு சித்தெ மிதிச்சுட்டே இருந்தேன். அப்புறம் அவன் பண்ணின மாதிரியே கியர் கம்பிய மேலயும் கீழயும் ஒவ்வொரு பள்ளமாத் தள்ளினேன். பிரேக்க மிதிச்சுட்டுத்தானுங்க, எனக்கென்ன தெரியாதா? முதல்ல உள்ள விசில் மாதிரி ஒரு சத்தம். அது எல்லா வண்டியிலயும் வர்றதுன்னு உட்டுட்டேன். அப்புறம் விசிலு கிறீச்னு ஆச்சு. நான் இன்னும் கொஞ்சம் மிதிச்சேன். அடுத்து ஒரு தீஞ்ச நாத்தம் வந்துது பாருங்க, செத்தது எதையோ சுட்ட மாதிரி. மூக்கப் பொத்திட்டு எறங்கிட்டேன். இஞ்சின நிறுத்தலை. சூடு ஆறிப் போயிருமேன்னு.

ஒம்பது மணிக்கு சூசை வந்தான். சந்து முக்குலயே சத்தம் கேட்டுப்போட்டு ஓடியாறான். சாவியப் புடுங்கி எறிஞ்சான். "ஐயா, எண்ணெய் இல்லாம ஓட்டிட்டீங்களே! உள்ள பம்ப்பு எண்ணெயத்தானே இழுக்கும், காத்த இழுத்து எரிஞ்சே போயிருக்குமே!"ன்னு தலையில கைய வச்சுட்டு மண்ணுல உக்காந்துட்டான். நாடகம். சூடு பண்ணச் சொன்னது யாரு, அவன்தானே? கேட்டா, "எண்ணெய் ஊத்தின பொறவுன்னு சொன்னேன்"கறான். பேச்ச மாத்தறானுங்க. என்னமோ புது எண்ணெய ஊத்திப் பாத்தான். இஞ்சின் ஓடுது, கியரு உளுகுது, வண்டி மட்டும் ஒரு எட்டு நகர மாட்டீங்குது. முன்னாலயும் போகல, பின்னாலயும் போகல. நல்ல நேரத்துல ஊத்தினதுக்கே இப்படின்னா, ராகு காலத்துல ஊத்தியிருந்தா வண்டி தீயே புடிச்சிருக்கும். அத ஒருத்தரும் யோசிக்க மாட்டாங்க.

அவ வந்தா. சூசை முன்னாலயே போன்ல சொல்லிட்டான் போல. பைய வாசல்லயே வச்சுட்டு, பானெட்டத் தொறந்து, அந்தக் கம்பிய உருவி மோந்து பாத்தா. அப்புறம் உள்ள ஏறி உக்காந்து ஸ்டார்ட்டு பண்ணினா. கியரப் போட்டா. மிதிச்சா. இஞ்சின் கத்துச்சு. நிறுத்திட்டா. நிறுத்திட்டு எறங்கவே இல்லீங்க. ஸ்டியரிங்க ரெண்டு கையிலயும் புடிச்சுட்டு நேராப் பாத்துட்டு உக்காந்திருக்கறா. எதுத்தாப்ல எங்கூட்டு செவுரு. அதப் பாத்துட்டே இருந்தா. நானும் பழக்கத்துல அந்தப் பக்கத்துக் கதவத் தொறந்து உள்ள ஏறி உக்காந்தேன்.

"உள்ளாற பூரா புதுசு போடோணுமாமா, அந்தச் செலவுக்கு வேற வண்டியே வாங்கிரலாம்ங்கறான் சூசை. போனாப் போகுது உடு. அதான் ரிட்டயர்மெண்ட வாங்கிக்கோன்னு அன்னைக்கே சொன்னேன்"னேன்.

அழுவான்னு பாத்தேன். திட்டுவான்னு பாத்தேன். திட்டியிருந்தா நானும் ரெண்டு திட்டியிருப்பேன், முடிஞ்சிருக்கும். அவ திரும்பி என்னையப் பாத்தா. கோவமே இல்லீங்க அந்த மூஞ்சியில. "கருக்கம்பாளையத்துல பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துலயே ஒரு ஊடு காலியா இருக்குதுங் மாமா. நான் அங்க தங்கிக்கறேன்"னா.

சரி, நானும் வந்தர்றேன்னேன். ரெண்டு கட்டிலத் தூக்கிப் போடறதுக்கு எத்தன நேரமாகும்?

"நீங்க வேண்டாம்"னா.

எனக்குப் புரியல. வேற ஆட்டோமேட்டிக் கார் பாத்து வாங்கித் தர்றேன் புள்ள, என்ற சேமிப்பு இருக்குது, நல்ல வண்டியா, கூட நான் உக்காந்து பாத்துக்கறேன்னேன். அப்பச் சொல்றா தம்பி, "உங்களப் பக்கத்துல வச்சுட்டுக் கார்ல போறதுக்கு, இந்தக் கால இழுத்துட்டு நடந்து போறது எனக்கு சொகம்"னு. மெதுவாத்தான் சொன்னா. சொல்லிட்டு எறங்கி உள்ள போயி துணிய மடிக்க ஆரம்பிச்சுட்டா.

என்ன பண்ணினேன் நான் பக்கத்துல உக்காந்து? ரோட்டப் பாத்துச் சொன்னேன். வேறென்ன பண்ணினேன்? ஒரு எண்ணெய் மாத்தினதுக்கு இத்தன பேச்சா? சீன்னு போச்சு எனக்கு. பொம்பளைங்க மனசே சீன்னு போச்சு. நீங்க கல்யாணமானவருங்களா? சரி உடுங்க.

பிரேக்கு புடிக்கறான் பாருங்க, குடலு வாய்க்கு வருது. இதுதானுங்க கருக்கம்பாளையம். அந்த ரேசன் கடைக்கு அக்கட்ட பாருங்க, வெளிய மாடிப்படி வச்ச ஊடு. கீழ்ப் போர்சன். கொடியில ஊதாச் சேல காயுதில்ல, அது அவளுதுதான். துணிய வாசல்லயா காயப் போடுவாங்க, ரோட்டுத் தூசி பூரா அதுல. சொல்றதுக்கு ஆளில்லீன்னா இப்படித்தான்.

நான் எதுக்குங்க எறங்கோணும்? போறப்ப "கூப்படறேன், அப்ப வாங்க"ன்னு சொல்லிட்டுப் போனா. இன்னும் கூப்படல. கூப்படாம வாசல்ல போயி நிக்கறதுக்கு எனக்கென்ன மானங்கெட்டா போச்சு? நான் டிக்கெட்டு பழனிக்கு எடுத்திருக்கறேன். பழனியில எனக்கு ஒரு சோலியும் இல்ல. எறங்கி ஒரு காப்பித்தண்ணி குடிச்சுட்டு, அடுத்த பஸ்ஸப் புடிச்சு இதே வழியாத் திரும்பிருவேன். சனிக்கெழம சனிக்கெழம இப்படித்தான் போயி வர்றேன். காப்பியும் நல்லாருக்காது அங்க. கழுநீர்த் தண்ணி.

போன சனிக்கெழம அவ வெளியதான் நின்னுட்டிருந்தா. பக்கத்து ஊட்டுப் பொம்பளகிட்ட என்னமோ சொல்லிச் சிரிச்சுட்டிருந்தா. பஸ்ஸு இதே மாதிரி இங்க வந்து நின்னுது. நான் ஜன்னல்ல தலைய வெளிய நீட்டினேன். அவ பஸ்ஸப் பாத்தா தம்பி, நல்லாவே பாத்தா. பாத்துட்டு, சிரிச்சுட்டிருந்தத நிறுத்திட்டு, உள்ள போயிக் கதவச் சாத்திட்டா.